பன்னிரண்டு மார்க்

அப்பா லொறி ஓட்டும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. லொறி ஓடியது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன் காம்பராவில், தகரப் பெட்டியின் மேல் வைத்திருந்த லெப்டொப்புக்குள்தான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அடுப்படிக்குப் போகிற அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு போவாள். ஒரு நாள் படிப்பிக்கிற பாடசாலை விட்டு வந்த களைப்பில், தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக நான் குறுக்கே நடந்துவிட்டேன். "ஹோர்ன் அடிச்சது கேக்கலயா?" என்றார் அப்பா. அடித்துத்தான் இருந்தார். நான்தான் கவனிக்கவில்லை.

லெப்டொப்பைக் கொண்டுவந்தவன் அண்ணன். கட்டாரில் ஒரு சாமான் கிடங்கில் அவனுக்கு வேலை. முதல் லீவில் சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்தபோது எல்லாரும் கொண்டுவருகிற சோப்பு, சென்ட்டு, பால்மாவோடு இதுவும் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது. கேம் விளையாடுவதற்கென்றே செய்த சாமான். அம்மிக்கல் கனம், எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங். இந்த வயதில் இவனுக்கு இன்னும் விளையாட்டு கேட்கிறதா என்று மனதுக்குள் திட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அதுவும் அண்ணன் விஷயம் என்றால் சொல்லவே வேண்டாம். தூரத்தில் இருக்கிறவனிடம் பாசத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த வழியும் அது ஒன்றுதான்.

அது அவனுக்காக வாங்கியது இல்லை. முந்தின வருஷம் சீனி வியாதி முற்றி அப்பாவின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். லொறியின் மிதியை அழுத்துகிற கால். அப்போது அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். வந்தவன் அழவில்லை. துணி சுற்றியிருந்த காலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கை எடுத்துப் பெட்டி விளிம்பில் பூட்டினான். அதோடு வந்த கால் மிதிகளைத் திரும்ப அட்டைப் பெட்டிக்குள்ளேயே தள்ளி, "இது பழுதுங்கப்பா, வேல செய்யாது" என்றான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு நெம்புகோல்களில் ஒன்றை எக்ஸிலேட்டர் ஆக்கினான், மற்றதை பிரேக் ஆக்கினான். அவன் போன பிறகு நான் அந்த மிதிகளைப் பொருத்திப் பார்த்தேன். அவை நன்றாகவே வேலை செய்தன.

நான் பிறந்ததிலிருந்து அப்பா தோட்டத்து லொறி டிரைவர். மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஃபெக்டரிக்கு ஏற்றி வருவார். தூள் பெட்டிகள் சேர்ந்ததும் கொழும்புக்குப் போவார். தொண்ணூறுகளில் பாடசாலை விடுமுறை என்றால் அண்ணனும் அந்தப் பயணத்தில் ஏறிவிடுவான். இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, வளைவுகளில் கிளீனர் மாதிரி கத்துவது அவன் வேலை. "இடது சரி, இடது சரி, வாங்க வாங்க." கினிகத்தேனை இறக்கம் முடிந்து கித்துல்கலையில் வண்டியை ஓரம் கட்டித் தேத்தண்ணி குடிப்பார்களாம். ஆற்றுச் சத்தம் கேட்குமாம். எல்லாம் சொல்லக் கேட்ட 'ஆம்'தான், நான் பார்த்ததில்லை. நானும் வருகிறேன் என்று கேட்டால், "லொறியில பொம்பளப் புள்ளைக்கு எடம் இல்ல" என்று முடித்துவிடுவார். அண்ணன் ஜன்னல் வழியாக எனக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டே போவான்.

கால் போன பிறகு அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். லொறியைப் புது டிரைவர் எடுத்துப்போனார். ரோட்டு முடக்கில் அதன் ஹோர்ன் சத்தம் கேட்கும்போது அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த மனுஷனைத்தான் இந்தக் கேம் எழுப்பி உட்காரவைத்தது. நம் நாட்டைப் போல இடது பக்கம் ஓட்ட வேண்டும் என்று அண்ணன் இங்கிலாந்து ரோட்டைத் தேர்ந்து கொடுத்திருந்தான். "இம்மாம் பெரிய மலையில ஒரு தேயிலச் செடி இல்ல. சும்மா கெடக்குது" என்று அப்பாவுக்கு ஒரே குறை. எதிரே வருகிற கார்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஏசுவார். அண்ணன் கட்டாருக்குத் திரும்பிய பிறகு என்னைக் கூப்பிட்டு இடது பக்கத்தில் உட்காரவைத்தார். "எட்டிப் பாத்துச் சொல்லு, எடம் இருக்கா?" எட்டிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, எங்கள் வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன். அண்ணன் இல்லாத இடத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது, அழுகையும் வந்தது.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. லிந்துலைப் பக்கத்து மழை ஒரு முறை பிடித்தால் துணி காயாது, உப்பு கரையும், செருப்பில் பூசணம் பூக்கும். கொஞ்ச நாளில் லொறியும் கோளாறு பண்ணத் தொடங்கியது. நின்று நின்று தத்தும். வளைவுக்கு முன்னால் இருக்கும், கண் மூடித் திறந்தால் கல் வேலிக்குள் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது.

அப்பா கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு திரும்ப ஓட்டினார். திரும்பவும் வேலி. ஒரு நாள் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த கலண்டரைப் பார்ப்பதைக் கண்டேன். பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினார். இன்னொரு நாள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே, "கால எடுத்தாங்க. இப்ப கையும் மந்தமாயிருச்சி" என்றார் அம்மாவிடம், மழையைப் பற்றிப் பேசுகிற குரலில்.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு. பாடசாலை முடிந்து வந்ததும் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீ கொண்டாந்த சாமான் சரியில்ல. அப்பா தனக்குத்தான் கை போயிருச்சின்னு நெனைக்கிறாங்க."

அவன் எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். "இப்ப மேல மூலையில ஒரு நம்பர் வரும் பாரு. ஒரு செக்கனுக்கு எத்தன படம் ஓடுதுன்னு அது காட்டும். அறுபது இருந்தா ரோட்டு வெண்ண மாதிரி போவும். முப்பதுக்குக் கீழ எறங்கினா தத்தும்."

நம்பர் வந்தது. பன்னிரண்டு.

அன்று சாயந்தரம் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். வேலியில் ஒரு முறை மோதிவிட்டு, மூலையைக் காட்டி, "இது என்னா, எத்தனைக்கு?" என்று கேட்டார். நான் டீச்சர் ஆயிற்றே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தானே பழக்கம். "அறுபது இருக்கணும்பா" என்று சொல்லிவிட்டேன்.

"அறுபதுக்குப் பன்னெண்டு" என்றார் அப்பா. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அது மார்க் இல்லை, மெஷினுடைய கணக்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், "ஒரு விரலத்தான்பா எடுப்பாங்க, வேற ஒண்ணும் இல்ல" என்று நானும் அம்மாவும் மாறி மாறிச் சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டினார். ஒரு முறை ஆறுதலுக்குப் பொய் சொன்ன பிள்ளை பிறகு உண்மையைச் சொன்னாலும் ஆறுதலாகத்தான் கேட்கும். "அண்ணன் வந்தா அவன் வெளையாடட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இனி வாயால் சொல்லி ஆகாது என்று புரிந்தது. அந்த நம்பரை ஏற்றிக் காட்ட வேண்டும்.

அண்ணன் சொன்னதையெல்லாம் செய்தேன். நிழலை எடுக்கச் சொன்னான், எடுத்தேன். தண்ணீரில் தெரிகிற வானத்தை எடுக்கச் சொன்னான், எடுத்தேன். கடைசியில் மரங்களையும் எடுத்தேன். இங்கிலாந்து கவ்வாத்து வெட்டின தேயிலை மலை மாதிரி மொட்டையாக நின்றது. நம்பர் பதினைந்தைத் தாண்டவில்லை. கரண்ட் போதாவிட்டாலும் இப்படி ஆகும் என்றான். அது எனக்கும் நியாயமாகப் பட்டது, ஏனென்றால் சாயந்தரம் லயம் முழுக்க லைட் போட்டால் எங்கள் குழல் விளக்கு எரியவே யோசிக்கும். சனிக்கிழமை மேலதிக வகுப்பு முடிந்து வந்து, பட்டப்பகலில் போட்டுப் பார்த்தேன். அதே பன்னிரண்டு.

அட்டன் டவுனில் கம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்று இருந்தது. அடுத்த கிழமை ஒரு நாள் லீவு போட்டு, விடிந்ததும் விடியாததுமாக லெப்டொப்பை ஐந்தாறு பைகளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார். அறுபது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது, டொக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்ட பிள்ளையைப் போல. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மறுநாள் சாயந்தரம் திறந்தால் திரும்பவும் பன்னிரண்டு. போன் பண்ணினேன். "இங்க நல்லா ஓடுதுங்க டீச்சர். அப்ப ஒங்க வீட்லதான் என்னமோ இருக்கு" என்றார்.

இதைப் போய் அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னேன். அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "பக்கத்து லயத்து ஆளுங்க எல்லாம் வந்து வந்து பாத்தாங்களே, கண்ணு பட்டிருச்சி." உப்பும் மிளகாயும் எடுத்து லெப்டொப்பை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மூடியில் திருநீறும் பூசினாள். மிளகாய் நெடியில் மூன்று பேரும் இருமினோம். அப்பா சுவரைப் பார்த்தபடியே, "அவளும் என்னா பண்ணுவா பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு செய்யிறா" என்றார். அவர் எங்கள் இருவரையும் நம்பவில்லை.

அந்தக் கிழமை ஒரு நாள் மழை அளவுக்கு மீறிப் பெய்து, பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நனைந்துகொண்டு வந்து கதவைத் திறந்தால் தகரப் பெட்டியின் மேல் லெப்டொப் இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அடுப்படிக்கு ஓடினேன். அம்மா ஊதுகுழலை வைத்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"லெப்டொப் எங்கம்மா?"

அம்மா சாவதானமாகக் கண்ணை மட்டும் மேலே உயர்த்தினாள்.

எங்கள் வீடுகளில் அடுப்புக்கு மேலே ஒரு பலகை தொங்கும். ஈரம் படக் கூடாத எல்லாம் அதில்தான் இருக்கும். உப்புப் போத்தல், நெருப்புப் பெட்டி, பிறப்புச் சான்றிதழ், முன்பெல்லாம் அண்ணனின் பாடசாலைச் சப்பாத்து. அந்தப் பலகையில், அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது முதுகில் போட்டுக்கொண்டிருந்த பழைய கம்பிளியில் நாலாகச் சுற்றிக்கொண்டு, லெப்டொப் இருந்தது. கீழே புகை. இறக்கினேன். அப்போதுதான் வடித்த சோற்றுப் பானையைத் தொட்டது மாதிரி இருந்தது. இன்னும் சுவிட்சே போடவில்லை.

நான் வேலைக்குப் போய் அப்பாவும் கண்ணயர்ந்ததும் ஏற்றிவைப்பாளாம், நான் வருவதற்கு முன்னால் இறக்கிவைப்பாளாம். மழை பிடித்த நாளிலிருந்து நடக்கிறது. அட்டனுக்கு நான் அதை எடுத்துப்போனது குளிர்ந்த விடியலில், அவள் மேலே ஏற்றுவதற்கு முன்னால். அதனால்தான் அங்கே நன்றாக ஓடியிருக்கிறது. எங்களுக்கு இது தோன்றாததற்கும் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் எதைக் கெடுப்பதும் குளிரும் ஈரமும்தான். சூடு ஒரு சாமானைக் கெடுக்கும் என்று இந்த மலையில் யாருக்கும் தோன்றாது. சுட்டெரிக்கிற கட்டாரில் இருந்த அண்ணனுக்கே, இந்த வீட்டை நினைத்தால் குளிர்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

"என்னாம்மா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்த வாயைத் திறந்தேன்.

"அவன் வந்து தொறக்கிறப்ப பூசணம் புடிச்சிருந்தா என்னா நெனப்பான்?" என்றாள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் அதப் பத்தி அவன்கிட்டப் பேசுறீங்க, அத வெச்சி ஓட்டுறீங்க. எனக்கு என்னா தெரியும். காலையில தூக்கி மேல வெக்கிறப்ப அவன் நெனப்பு வரும். அம்புட்டுத்தான்."

கம்பிளியை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு முன் காம்பராவுக்கு வந்தேன்.

அன்றைக்கே போனில் அண்ணன் வழி சொல்ல, லெப்டொப்பை அப்பாவின் கட்டிலில் கவிழ்த்து வைத்து, மூக்குக் கண்ணாடி திருகுகிற சின்னத் திருப்புளியால் கழற்றத் தொடங்கினேன். திருகாணி வழுக்கி வழுக்கிப் போனது. நான் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டோ என்னவோ அப்பா திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "குடு இங்க" என்று வாங்கினார். அடி மூடி கழன்றது. உள்ளே சின்ன மின்விசிறி. அதற்குப் பின்னால் காற்று போகிற இடம் முழுவதும் கரியும் கம்பிளி மயிரும் சேர்ந்து ஒரு கறுப்புத் துணி மாதிரி அடைத்திருந்தது.

அப்பா அதை விரலால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரேடியேட்டர் அடச்சிருக்கு" என்றார். விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கினிகத்தேன ஏத்தத்துல வண்டி சூடாயிருச்சின்னா இழுக்காது. டிரைவரு தலகீழா நின்னாலும் இழுக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கை இல்ல."

"இல்லப்பா."

இந்த முறை நம்பினார். கரி அவர் விரலிலேயே ஒட்டியிருந்ததே.

அம்மாதான் ஊதுகுழலைக் கொண்டுவந்தாள். நாங்கள் வாசலில் வைத்துக்கொள்ள, அவள் கன்னம் உப்ப ஊதினாள். கரி பறந்து மழைக்குள் போனது. "மெதுவா, மெதுவா" என்றார் அப்பா. "எனக்கு ஊதத் தெரியாதாக்கும்" என்றாள் அம்மா. தன்னால்தான் இது நடந்தது என்று அவளுக்கு விளங்கியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் தகரப் பெட்டியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். மழைக் காலத்தில் எங்கள் ஜன்னல் திறந்தது அன்றைக்குத்தான். குளிர் முகத்தில் அறைந்தது, மிசுட்டு பனிப்புகையாக உள்ளே வந்து விளக்கைச் சுற்றி நின்றது. இங்கிலாந்துக்கு மரங்களைத் திரும்ப வைத்தேன், நிழலையும் வைத்தேன். நம்பர் அறுபதில் நின்றது. அதை இனி மறைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். "இருக்கட்டும்" என்றார் அப்பா. அம்மா கம்பிளியைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டி ஓரமாக வைத்திருந்தேன். அண்ணன் அங்கே தன் அறையில் இருந்தான். அவனுக்கு இங்கே எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்பா வண்டியை எடுத்தார். நான் வழக்கம் போல இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்றம் வந்தது. இஞ்சின் கனத்து முனகியது.

"ரெண்டுல போடுங்கப்பா" என்றான் அண்ணன்.

அப்பா திடுக்கிட்டுப் போனைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்திக் கியரை இறக்கினார். வளைவு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து குரல் வந்தது. "இடது சரி, இடது சரி, வாங்க வாங்க." கண்ணால் பார்க்காமல், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, சத்தத்தை மட்டும் வைத்துச் சொன்னான். லொறி வேலியில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பியது. அடுத்த வளைவும் அப்படித்தான். நான் சுவரோரமாகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றபடியே, குரல் வருகிற போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கம் முடிந்து சமதரை வந்ததும் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, புல்லும் கல் வேலியும்தான்.

"கித்துல்கல வந்திருச்சி" என்றார் போனைப் பார்த்து. "எறங்கு தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

போனில் சத்தம் இல்லை. கார்ட் காசு முடிந்து கட்டாகிவிட்டதோ என்று நான் குனிந்தேன். கட்டாகவில்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நான் வர இன்னும் நாளாகும்பா" என்றான் கடைசியில். "இஞ்சின நிப்பாட்டிறாதீங்க."

"இல்ல, நிப்பாட்டல" என்றார் அப்பா.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. லொறி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அம்மா மெல்ல வந்து, லெப்டொப்பின் பக்கவாட்டில் காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். நான் இடது பக்கத்து இடத்தை அண்ணனுக்கு விட்டு எழுந்து, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.